விற்ற கை வாங்க வேண்டாமா?

கடை அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் கிரைண்டர் பற்றி எழுதும்போது, 'பழைய மிக்ஸியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. கோவில்பட்டியில் 1991 முதல் 2018 வரை டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்றுப் பிழைத்தவன் நான். பொருளை விற்ற கடையே, அது பழசானதும் திரும்ப வாங்க வேண்டாமா என்ற இந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் பற்றியும் கேஸ் அடுப்பு பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அண்ணாச்சி, பன்னிரண்டு வருடம் ஓடிய பிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினோம். பழையதற்கு 1,500 ரூபாய் கழித்தார்கள். டெலிவரிக்கு வந்த பையன்களே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது எங்கே போகும்? – வாசகி, திருமங்கலம்

முதலில் கடை குடோனுக்குப் போகும், அம்மா. இரண்டு மூன்று நாளில் ஒரு மெக்கானிக் வந்து பார்ப்பார். கம்ப்ரசர் நன்றாக இருந்தால் கேஸ் ஏற்றி, கதவு ரப்பரை மாற்றி, பெயின்ட் அடித்து டீக்கடைக்கோ பையன்கள் தங்கியிருக்கும் அறைக்கோ விற்றுவிடுவார். அப்படிப் போனால் நல்லது. இன்னும் நாலைந்து வருடம் ஓடும்.

ஓடாத பிரிட்ஜ் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே முதல் வேலையே கம்ப்ரசரை அறுத்தெடுப்பதுதான். அதற்குள் இருக்கும் செம்புக்குத்தான் விலை. குழாயை வெட்டியதும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், உள்ளே இருந்த வாயு காற்றில் கலந்துவிட்டது. உங்கள் பிரிட்ஜில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு இருந்திருந்தால் அதன் அளவு நூறு கிராம் போல இருக்கும். நூறு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. அந்த 'உஸ்' சத்தம் 143 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அப்புறம் தகடு இரும்பு எடைக்குப் போகும். உள்ளே இருக்கும் மஞ்சள் நுரையை யாரும் வாங்க மாட்டார்கள். அது ஊர் எல்லையில் கிடக்கும், இல்லையென்றால் எரியும்.

இதையெல்லாம் நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. 2014 தீபாவளிக்கு எங்கள் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தோம். பெரிய பின்பக்கம் உள்ள பழைய டிவியைக் கொண்டு வந்தால் எல்இடி டிவியில் 2,000 ரூபாய் கழிவு. மூன்று வாரத்தில் 63 டிவி சேர்ந்தது. குடோனில் நடக்க இடமில்லை. ஒரு பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாகத் தள்ளிவிட்டேன். அவர் என்ன விலை கொடுத்தார் என்பதுகூட எனக்கு முக்கியமில்லை. இடம் காலியானால் போதும் என்றிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா வந்து, டிவியோடு சேர்த்து செட்-டாப் பாக்ஸையும் பையன்கள் தூக்கிப் போய்விட்டார்கள் என்றார். அதைத் தேடி அந்த யார்டுக்குப் போனேன். அங்கே ஒரு பையன் பிக்சர் டியூப்களை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, கழுத்தில் இரும்புக் கம்பியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளான யோக் காயிலை உருவிச் செம்புக் குவியலில் போடுவதும் கண்ணாடியைப் பின்னால் ஓடைப் பக்கம் எறிவதுமாக இருந்தான். கையில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, ஒரு டிவிக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் தேறும். உடைத்துப் போட்டிருந்த பின்பக்க மூடிகளில் பாதியில் என் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. போன் நம்பரோடு. சர்வீசுக்குக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் ஒட்டச் சொன்னேன்.

செட்-டாப் பாக்ஸ் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தையை என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை.

கேள்வி: விற்ற கடையே திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? – வாசகர், விழுப்புரம்

இருந்தது. இப்போது இல்லை.

மின்னணுக் கழிவுக்கென்று நம் நாட்டில் வந்த முதல் விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தார்கள். கடைக்காரரைக் கணக்கில் எடுத்தது 2016 விதிகள்தான். அந்த அக்டோபர் 1 முதல், தயாரிப்பாளர் சார்பாகச் சேகரிக்க ஒப்புக்கொண்ட கடை, பழைய பொருளைப் போட ஒரு பெட்டியோ தனி இடமோ வைக்க வேண்டும். சேர்ந்ததைத் தயாரிப்பாளர் காட்டும் சேகரிப்பு மையத்துக்கோ மறுசுழற்சி ஆலைக்கோ அனுப்ப வேண்டும். வாங்கும்போதே முன்பணம் பிடித்து, பழையதைக் கொண்டு வந்தால் திருப்பித் தரும் திட்டத்துக்கும் அதில் இடம் இருந்தது. ஆன்லைனில் விற்பவர்களையும் சேர்த்திருந்தார்கள்.

'தயாரிப்பாளர் சார்பாக ஒப்புக்கொண்ட' என்ற இடத்தில்தான் எல்லாம் நழுவியது. 2017இல் ஒரு பெரிய கம்பெனியின் ஏரியா ஆளிடம் நானே கேட்டேன். "கடையில் இடம் தருகிறேன், பெட்டி வைக்கிறேன், மாதம் ஒருமுறை வண்டி அனுப்புவீர்களா?" என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வாரம் ஒரு போஸ்டர் வந்தது. மரம், பச்சை அம்புக்குறி, இலவச தொலைபேசி எண். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், குறைந்தது ஒரு லோடு சேர்ந்தால்தான் வண்டி வரும் என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு லோடு சேர ஆறு மாதம் ஆகும். அதுவரை எங்கே வைப்பது?

2022 நவம்பரில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதில் நல்லது நிறைய இருக்கிறது. முன்பு 21 வகைப் பொருட்களுக்கு மட்டும் இருந்ததை 106 ஆக்கினார்கள். இஸ்திரிப்பெட்டிகூட உள்ளே வந்துவிட்டது. தாங்கள் விற்றதில் கழிவாகும் அளவில் இவ்வளவு மறுசுழற்சி ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு இலக்கும் வைத்தார்கள். முதல் இரண்டு வருடம் 60 சதவீதம், அடுத்த இரண்டு வருடம் 70, பிறகு 80. ஆனால் கம்பெனி தானே போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு செய்த மறுசுழற்சி ஆலையிடம், இவ்வளவு மறுசுழற்சி செய்தோம் என்ற சான்றிதழை விலைக்கு வாங்கி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கணக்குக் காட்டினால் போதும். பொறுப்பு உள்ளவர்கள் பட்டியலில் தயாரிப்பவர், பழுது நீக்கி விற்பவர், மறுசுழற்சி செய்பவர், மொத்தமாகப் பயன்படுத்தும் அலுவலகங்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். கடைக்காரர் இல்லை. சேகரிப்பு மையம் என்ற பிரிவும் இல்லை.

இதுதான் எனக்கு வருத்தம். திருமங்கலம் அம்மா மறுசுழற்சி ஆலையைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. அவர் பார்ப்பது கடையைத்தான். பழைய பொருள் வீட்டை விட்டு வெளியேறும் அந்த நிமிடம், கை நீட்டி வாங்குவது கடைப் பையன்தான். அந்த நிமிடத்தைப் பற்றி விதி ஒன்றுமே சொல்லவில்லை.

கேள்வி: அண்ணாச்சி, நானும் கடைக்காரன்தான். ஆன்லைன்காரனோடு போட்டி போட முடியாமல் ஒரு பிரிட்ஜில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் நின்றால் பெரிது என்று ஓட்டுகிறேன். குப்பை அள்ளும் வேலையும் எங்கள் தலையிலா? – வாசகர், ஈரோடு

உங்கள் கோபம் நியாயம், தம்பி. நானும் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறீர்களா? பழைய பேட்டரியை என்ன செய்கிறீர்கள்?

திரும்ப வாங்குகிறீர்கள். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னாலேயே "பழசு இருக்கா?" என்று நீங்களே கேட்கிறீர்கள். ஈயத்துக்கு விலை இருக்கிறது என்பது ஒரு காரணம். 2001இல் வந்த பேட்டரி விதிகள் இன்னொரு காரணம். விற்கிற கடை பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு விலையில் கழிவு தர வேண்டும், எத்தனை விற்றோம், எத்தனை திரும்பி வந்தது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நூறு விற்றால் மூன்றாம் ஆண்டிலிருந்து குறைந்தது தொண்ணூறு திரும்பி வர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பேட்டரிகளில் பல அனுமதியில்லாத உலைக்கும் போயின, மறுக்கவில்லை. அந்த விதிகளும் 2022இல் மாறிவிட்டன. ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது. பழைய பேட்டரி தெருவில் கிடந்து யாராவது பார்த்திருக்கிறோமா? கடைக்காரனால் முடியாது என்பது சரியில்லை, தம்பி. இருபது வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

டிவியிலும் பிரிட்ஜிலும் அது நடக்காததற்குக் காரணம், கணக்கு உதைப்பதுதான். செலவு உங்களுடையது, சான்றிதழ் வேறு யாருக்கோ. இதை மாற்றச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும். வீட்டு மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்கு 22 ரூபாயாவது அந்தச் சான்றிதழுக்காக மறுசுழற்சி ஆலைக்குத் தர வேண்டும் என்று கம்பெனிகளுக்கு அரசு குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. அதை எதிர்த்துப் பெரிய கம்பெனிகள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போயின. நாற்பது கிலோ பிரிட்ஜ் என்றால் 880 ரூபாய். அதில் கிலோவுக்கு மூன்று ரூபாய் கடைக்கு என்று பிரித்து வையுங்கள். ஒரு பிரிட்ஜுக்கு 120 ரூபாய். டெலிவரி வண்டி எப்படியும் காலியாகத்தானே திரும்பி வருகிறது? குடோன் வாடகைக்கும் ஏற்றுக்கூலிக்கும் அந்த 120 ரூபாய் கட்டும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2005 ஜனவரியிலிருந்து டிவி, மானிட்டர் விற்கும்போது கடைக்காரர் மறுசுழற்சிக் கட்டணம் வசூலிக்க வேண்டும். தொடக்கத்தில் அளவைப் பொறுத்து 6, 8, 10 டாலர். வசூலிக்கும் சிரமத்துக்காக அதில் 3 சதவீதத்தைக் கடை தனக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சிறிய தொகைதான், ஆனால் கடைக்காரனின் உழைப்புக்குக் கூலி உண்டு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது பாருங்கள், அது பெரிது.

உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தில் இதைப் பேசுங்கள். 'எங்களை விட்டுவிடுங்கள்' என்று மனு கொடுப்பதைவிட, 'எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கூலியோடு' என்று மனு கொடுங்கள். ஆன்லைன்காரருக்கும் இதே பொறுப்பு வேண்டும் என்று இரண்டாவது வரியில் எழுதுங்கள். அவர்களுக்குக் கடை கிடையாது, ஆனால் குடோனும் டெலிவரி வண்டியும் இருக்கிறதே.

கேள்வி: கலைஞர் கொடுத்த டிவி இன்னும் பரணில் கிடக்கிறது. அது எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. எங்கே கொடுப்பது? – வாசகர், தர்மபுரி

நல்ல கேள்வி. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல கலர் டிவி போனது. அதன் பிறகு வந்த ஆட்சியில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. ஏழை வீட்டுப் பெண்களின் தோள்வலியைக் குறைத்த பொருட்கள் அவை, அந்தத் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய விற்பனைக்கு ஒரு கல்லாகூட இல்லை. திரும்பப் போக வாசல் இல்லாமல் வந்த பொருட்கள். தயாரித்த பிராண்டுகள் சிலவற்றின் பெயரைக்கூட இன்று கடையில் பார்க்க முடியாது.

கம்பெனி மூடிப்போன, பிராண்ட் இல்லாத பொருட்களை விதிகள் 'அநாதைப் பொருட்கள்' என்றே சொல்கின்றன. அவற்றைச் சேகரித்துப் பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புவது நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு. ஆகவே உங்கள் நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் குப்பை வண்டியில் போடச் சொல்வார்கள். போடாதீர்கள், டியூப் உடையும். இடம் இருந்தால் அதுவரை பரணிலேயே இருக்கட்டும், உடையாத டியூப் யாரையும் ஒன்றும் செய்யாது.

ரேஷன் கடை வழியாக ஒரு மாதம் திரும்ப வாங்கினால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். எல்லா ஊரிலும் ரேஷன் கடை இருக்கிறது, எல்லாக் குடும்பத்தின் பெயரும் அங்கே இருக்கிறது. அரசு கொடுத்ததை அரசின் கடையே வாங்கட்டும்.

கேள்வி: சூரிச்சில் 30 வருடமாக இருக்கிறோம். இங்கே எந்தக் கடையில் கொடுத்தாலும் பழையதை வாங்கிக்கொள்கிறார்கள், பில்கூடக் கேட்பதில்லை. ஊருக்கு வந்தால் மனம் கேட்கவில்லை. அங்கே ஏன் முடியவில்லை? – வாசகர், சுவிட்சர்லாந்து

உங்கள் நாட்டில் 1998இலிருந்து சட்டமே அப்படித்தான். ஒரு கடை எந்த வகைப் பொருளை விற்கிறதோ அந்த வகைப் பழைய பொருளைச் சும்மாவே வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே வாங்கியதா, இப்போது புதிது வாங்குகிறீர்களா என்று கேட்கக் கூடாது. செலவு எங்கிருந்து வருகிறது என்றால், புதியது வாங்கும்போதே விலையில் ஒரு சிறு மறுசுழற்சிக் கட்டணத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும்.

பக்கத்து ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து பலசரக்கு சூப்பர்மார்க்கெட்டுகளையும் சேர்த்துவிட்டார்கள். 800 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 8,600 சதுர அடிக்கு மேல் பெரிய கடை, வருடத்தில் சில முறையாவது மின்சாதனம் விற்றால், 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பழைய பொருளை எதுவும் வாங்காமலே கொடுக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு வகையில் மூன்று வரை. பால் வாங்கப் போகிற இடத்திலேயே பழைய சார்ஜரைப் போட்டுவிட்டு வரலாம். சின்னக் கடைக்காரனை விட்டுவிட்டுப் பெரிய கடையைப் பிடித்திருக்கிறார்கள். நம்மூருக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். முதலில் மூன்று மாடி ஷோரூம்கள், ஆன்லைன் கம்பெனிகள். ஈரோட்டுத் தம்பி மாதிரி ஆட்கள் விரும்பினால் சேரட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான் முறை. 2001இலிருந்து ஏசி, டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு விற்ற கடையோ, புதியதை விற்கும் கடையோ பழையதை வாங்கி உற்பத்தியாளரிடம் சேர்க்க வேண்டும். கட்டணம் வாடிக்கையாளர்தான் கட்டுகிறார், பழையதைக் கொடுக்கும்போதே. நம் மக்கள் அதற்கு ஒப்ப மாட்டார்கள், பழையதற்குக் காசு வாங்கிப் பழகியவர்கள் நாம். எனக்குப் பிடித்தது அந்தச் சீட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்ட சீட்டு ஒன்று தருகிறார்கள். அந்த எண்ணை வைத்து, தன் பழைய பிரிட்ஜ் ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். திருமங்கலம் அம்மா கையில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் எனக்கு எழுதியிருக்கவே மாட்டார்.

கேள்வி: பழைய செல்போனைக் கடையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது, உள்ளே போட்டோ இருக்கிறதே? – வாசகி, நாகர்கோவில்

செட்டிங்கில் போய் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழிக்கும் 'ரீசெட்' கொடுத்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கடையில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டீர்கள். நாங்கள் திருடவில்லை, உழைத்துத்தானே சாப்பிடுகிறோம்? – வாசகி, சிவகாசி

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அம்மா. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. என் 63 டிவியை உங்கள் கணவரைப் போன்ற ஒருவர்தான் எடுத்துக்கொண்டு போனார். எடுக்கச் சொன்னவன் நான். விற்று லாபம் பார்த்த கம்பெனியும் கடையும் விலகிக்கொண்டு, கடைசியில் கை வைத்தவரைக் குற்றவாளி ஆக்குவது தப்பு.

ஊர் ஊராகப் போய், தெருத் தெருவாகக் கத்தி, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கும் ஆள் உங்களைத் தவிர இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. சேகரிப்பில் உங்களை மிஞ்ச எந்த ஷோரூமாலும் முடியாது. தவறு நடப்பது பிரிக்கும் இடத்தில்தான். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகத்தை வைத்துத்தான், ஆலைகள் கம்பெனிகளுக்குத் தரும் அந்தச் சான்றிதழைக் கணக்கிடுகிறார்கள். ஈயக் கண்ணாடிக்கும் பிரிட்ஜ் வாயுவுக்கும் அதில் மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாததை ஓடையில் போடாமல் இருக்க ஒருவருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். உடையாத டியூபுக்கும் அறுக்காத கம்ப்ரசருக்கும் கூடுதல் விலை என்று வைத்தால், உங்கள் கணவர் எதற்காக உடைக்கப் போகிறார்?

அதுவரை மூன்று காரியம் மட்டும் அவரிடம் சொல்லுங்கள். ஒயரை எரிக்க வேண்டாம், உரித்தெடுக்கட்டும். அந்தப் புகை முதலில் உங்கள் பிள்ளைகள் மூச்சில்தான் போகும். டிவி டியூபை உடைக்காமல் ஒரு மூலையில் அடுக்கட்டும். செல்போன் பேட்டரிகளைத் தனியாக, மணல் போட்ட டப்பாவில் வைக்கட்டும். ஒரு லோடு சேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். இங்கே கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த மூன்று கடைக்காரர்களிடமும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஊர் லோடும் சேர்ந்தால், பதிவு பெற்ற ஆலையிலிருந்து வண்டி அனுப்பச் சொல்லிக் கேட்க நமக்கு ஒரு வாய் இருக்கும்.